சிறிய தனியார் பல்கலைக்கழகத்தின் செய்திகளை எந்த வழியில் சொல்வது? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

"மொத்த மாணவர்களே இரண்டாயிரம் பேர்கூட இல்லை. செய்தி எழுதுவதற்கென்று தனி ஆள் கிடையாது. அலுவலக வேலைக்கு நடுவே நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இணையதளம், மின்னஞ்சல் மடல், அச்சிதழ், சமூக ஊடகம், பத்திரிகைகளுக்குச் செய்திக்குறிப்பு என்று எல்லாவற்றையும் செய்யச் சொல்கிறார்கள். எதைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது?" சிறிய தனியார் பல்கலைக்கழகங்களில் இந்தப் பொறுப்பைச் சுமக்கிறவர்கள் கேட்கும் கேள்வி கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். நானும் சில ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தவன் என்பதால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெரிய பல்கலைக்கழகங்களைப் பார்த்து அப்படியே செய்தால் சரிவராது. அங்கே இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கும்; ஒரு வழி சொதப்பினாலும் இன்னொன்று தாங்கிக்கொள்ளும். சிறிய இடத்தில் ஒன்றுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இன்னொன்றிலிருந்து பிடுங்கியதுதான். அதோடு, கட்டணத்தையும் நன்கொடையையும் நம்பி நடக்கிற நிறுவனம் எதைச் சொன்னாலும் வெளியில் இருப்பவர்கள் அதை முதலில் விளம்பரமாகவே எடுத்துக்கொள்வார்கள். உள்ளே உண்மையாகவே நல்ல வேலை நடந்திருந்தாலும் அந்தச் சந்தேகத்தைத் தாண்டித்தான் அது போய்ச் சேர வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

வழிகளுக்குள் போவதற்கு முன் ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்வோம்.

முதலாவது, யாருக்காக. உள்ளே இருக்கும் மாணவர்களும் ஆசிரியர்களும் ஒரு கூட்டம். முன்னாள் மாணவர்களும் நன்கொடையாளர்களும் இன்னொன்று. சேரலாமா என்று யோசிக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் மூன்றாவது. வெளி ஆய்வாளர்களும் செய்தியாளர்களும் நான்காவது. ஒரே செய்தி நாலு பேருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேராது.

இரண்டாவது, நிலைக்குமா. ஐந்து ஆண்டு கழித்து ஒருவர் தேடினால் கிடைக்குமா?

மூன்றாவது, சரிபார்க்க முடியுமா. சொன்னதற்கான ஆதாரத்தை வாசகர் அங்கிருந்தே போய்ப் பார்க்க வழி உண்டா?

நான்காவது, உண்மையான உழைப்பு எவ்வளவு. பணச் செலவு வரவுசெலவுத் திட்டத்தில் தெரியும். மணி நேரச் செலவு எங்கேயும் எழுதப்படுவதில்லை, ஆனால் ஆளை நொறுக்குவது அதுதான்.

ஐந்தாவது, கட்டுப்பாடு யார் கையில். தவறு நேர்ந்தால் நாமே திருத்த முடியுமா?

ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்தே கேட்பேன். சிறிய நிறுவனத்துக்குப் பெயர் கிடையாது. அதற்குப் பதிலாக அதனிடம் இருக்க வேண்டியது பதிவு.

| வழி | யாருக்குப் பொருந்தும் | நிலைப்பு | சரிபார்ப்பு | உழைப்பு | கட்டுப்பாடு |
|---|---|---|---|---|---|
| சொந்தச் செய்திப் பக்கம் | எல்லோருக்கும், தேடி வந்தால் | கவனித்தால் நீண்ட நாள் | எளிது | நடுத்தரம் | முழுமை |
| மின்னஞ்சல் மடல் | முன்னாள் மாணவர், நன்கொடையாளர் | குறைவு | இணைப்பு தந்தால் எளிது | நடுத்தரம், தொடர்ச்சியாக | பெரும்பாலும் நம் கையில் |
| அச்சிதழ் | முன்னாள் மாணவர், நூலகம் | மிக அதிகம் | கடினம் | மிக அதிகம் | அச்சாகும்வரை மட்டும் |
| சமூக ஊடகம் | இப்போதைய, வருங்கால மாணவர் | மிகக் குறைவு | அரைகுறை | ஓயாத வேலை | தளத்தின் கையில் |
| பத்திரிகைக் குறிப்பு | வெளியுலகம் | செய்தி நிறுவனத்தைப் பொறுத்தது | ஆய்விதழ் இருந்தால் எளிது | ஒரு செய்திக்கு மிக அதிகம் | அனுப்பிய பிறகு இல்லை |

## சொந்த இணையதளத்தின் செய்திப் பக்கம்

இதில் கவர்ச்சி எதுவும் இல்லை. பிரதான வாசல் என்னவோ இதுதான். சேரலாமா என்று பார்க்க வரும் பெற்றோர், நேர்காணலுக்கு முன் பல்கலைக்கழகத்தைப் பற்றித் தேடும் ஆசிரியர், நிதிநல்கை விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிறவர் என்று எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். தவறு இருந்தால் ஐந்து நிமிடத்தில் திருத்தலாம். ஆய்வுச் செய்தி என்றால் கட்டுரையின் நிலையான அடையாள எண்ணான டி.ஓ.ஐ.யையும் ஆய்வாளரின் அடையாள எண்ணான ஆர்க்கிட்டையும் பக்கத்திலேயே கொடுத்துவிடலாம். "நம் பேராசிரியர் ஒருவரின் கட்டுரை புகழ்பெற்ற ஆய்விதழில் வெளியானது" என்பதைவிட, இதழின் பெயரும் தொடுப்பும் இருக்கும் ஒரு வரி எவ்வளவோ மேல்.

மறைமுகச் செலவு இரண்டு. முதலாவது, பழைய செய்திகள் காணாமல் போவது. 2013இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டு கழித்துக் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் கண்டறிந்தது. பல்கலைக்கழகத் தளங்களில் இது நடப்பது பெரும்பாலும் வடிவமைப்பு மாற்றும்போதுதான். நான் வேலை பார்த்த இடத்தில் புதிய தளம் வந்த அன்று ஏழெட்டு ஆண்டுச் செய்திகள் ஒரே இரவில் போயின. தளம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மாணவி வெளிநாட்டு மேற்படிப்பு விண்ணப்பத்தில் தன் விருதுச் செய்தியின் முகவரியைக் கொடுத்திருந்தாள். அது வெற்றுப் பக்கத்துக்குப் போய் நின்றது. அவள் எங்களுக்கு எழுதிய கடிதம் இன்னும் மனதில் இருக்கிறது. எனவே தளம் மாற்றும் ஒப்பந்தத்திலேயே "பழைய முகவரிகள் அனைத்தும் வேலை செய்ய வேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள். முக்கியமான பக்கங்களை இணையப் பக்கங்களின் நகலைக் காத்துவைக்கும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் சேமித்தும் வையுங்கள், அதற்குச் செலவில்லை.

இரண்டாவது, தேங்கிப்போன பக்கம். முகப்பில் "அண்மைச் செய்திகள்" என்று இருந்து, அதன் கீழ் கடைசித் தேதி இரண்டு ஆண்டு பழையது என்றால், நிறுவனமே மூடப்பட்டதோ என்று தோன்றிவிடும். மாதம் இரண்டு செய்திகூட முடியாது என்றால் "அண்மை" என்ற சொல்லை எடுத்துவிட்டு, ஆண்டுவாரியாக அடுக்கிய எளிய பட்டியலாக வையுங்கள்.

இது பொருந்தும் இடம்: எல்லா இடமும். மற்ற நான்கில் எதைத் தேர்ந்தாலும் அது கடைசியில் இங்கே கொண்டுவந்து விட வேண்டும்.

## மின்னஞ்சல் மடல்

சிறிய பல்கலைக்கழகத்தின் பெரிய சொத்து, அங்கே படித்தவர்களுக்கு ஆசிரியர்களின் பெயர் தெரியும் என்பது. வகுப்பில் நாற்பது பேர் இருந்த துறையின் பேராசிரியருக்கு விருது கிடைத்தால், படித்த நாற்பது பேருக்கும் அது சொந்தச் செய்தி. மடல் அந்த உறவில்தான் வேலை செய்கிறது. இணையதளத்துக்கு ஆள் வர வேண்டும். மடல் ஆளைத் தேடிப் போகும்.

இப்போது சில நுட்ப விஷயங்கள் கட்டாயமாகிவிட்டன. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் அனுப்புநர் விதிகளை இறுக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் ஐயாயிரத்துக்கு மேல் அனுப்புபவர்கள், மடல் உண்மையில் தங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற மூன்று சரிபார்ப்பு அமைப்புகளையும் வைத்திருக்க வேண்டும். ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும். குப்பை அஞ்சல் என்று புகார் செய்பவர்கள் 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது. உங்கள் பட்டியல் அதைவிடச் சிறியதாக இருந்தாலும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். இரண்டில் ஒன்றாவது கட்டாயம். கணினிப் பிரிவிடம் ஒரு நாள் உட்கார்ந்து இதை முடித்துவிட்டால் அப்புறம் தொல்லை இல்லை.

இன்னொன்று: எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை அதிகம் நம்ப வேண்டாம். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் அஞ்சல் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பைக் கொண்டுவந்த பிறகு, திறக்காத மடலும் திறந்ததாகக் கணக்கில் வரலாம். எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்பதைப் பாருங்கள். முந்நூறு பேருக்குப் போன மடலுக்குப் பத்துப் பதில் வந்தால் அது நல்ல மடல்.

மறைமுகச் செலவு பட்டியலில்தான் இருக்கிறது. மாணவர்களுக்குக் கொடுக்கும் பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி படிப்பு முடிந்த சில மாதங்களில் பல இடங்களில் மூடப்படுகிறது. அந்த முகவரிகளை வைத்துப் பட்டியல் கட்டினால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு தொகுதி முழுதாகக் கையை விட்டுப் போகும். சொந்த முகவரியை, அவர்களுடைய சம்மதத்தோடு, அவர்கள் வெளியேறுவதற்கு முன்பே வாங்க வேண்டும்.

இது பொருந்தும் இடம்: முன்னாள் மாணவர் ஆதரவும் நன்கொடையும் முக்கியம் என்றால், மாதம் ஒரு முறையாவது தவறாமல் அனுப்ப முடியும் என்றால். மூன்று மாதம் அனுப்பிவிட்டு ஓராண்டு நிறுத்திவிட்டால், மீண்டும் வரும்போது யார் இவர்கள் என்று கேட்டுப் புகார்ப் பொத்தானை அழுத்துவார்கள்.

## அச்சிதழ்

அச்சை இன்னும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்லலாம். ஹார்வர்டின் முன்னாள் மாணவர் இதழ் 1898இல் தொடங்கியது; எம்.ஐ.டி.யின் டெக்னாலஜி ரிவ்யூ 1899இல். இரண்டும் தனியார் பல்கலைக்கழகங்களின் இதழ்கள், இரண்டும் இன்றும் வருகின்றன. இந்த மாதிரி இதழ் கையில் கிடைத்ததும் பலர் முதலில் புரட்டுவது பின்பக்கத்தை: தன் வகுப்புக்காரர்கள் யார் என்ன செய்கிறார்கள், யார் மறைந்தார்கள் என்று. அந்தப் பக்கங்களைத் திரையில் தேடிப் படிப்பவர்கள் குறைவு.

அச்சுக்கு இன்னொரு பலம் உண்டு. இதழ்களுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். வாங்கி, நூலகங்களுக்குப் பிரதி கொடுத்துவிட்டால், சர்வர் போனாலும் தளம் மாறினாலும் அந்தப் பதிவு இருக்கும்.

செலவோ கடுமை. அச்சும் தபாலும் கண்ணுக்குத் தெரிபவை; தெரியாதது, வீடு மாறியவர்களின் முகவரிகளைத் துரத்துவது, பெயர்களைச் சரிபார்ப்பது, மாதக்கணக்கில் முன்கூட்டியே எழுதுவது. ஒருவர் பெயரைத் தவறாக அச்சிட்டால் அது என்றைக்கும் தவறுதான்.

இது பொருந்தும் இடம்: ஆண்டுக்கு ஒன்று, அதுவும் வயதில் மூத்த முன்னாள் மாணவர்கள் அதிகம் என்றால். மாதாந்திர அச்சிதழ் ஒரு ஆள் செய்கிற வேலை அல்ல.

## சமூக ஊடகம்

நிர்வாகம் முதலில் கேட்பது இதைத்தான். இலவசம், உடனடி, விருப்பக் குறிகள் எண்ணிக்கையாகக் கண்ணெதிரே தெரியும். ஆனால் அந்த இடம் வாடகை வீடு. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கு முன்னுரிமை தருவதாக அறிவித்தது. நிறுவனப் பக்கங்களின் பதிவுகள் பின்னுக்குப் போயின. 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் மூடப்பட்டது. அங்கே போட்டதெல்லாம் அதோடு போயிற்று. ட்விட்டர் 2023 ஜூலையில் எக்ஸ் ஆனது. இதில் எதையும் எந்தப் பல்கலைக்கழகத்தையும் கேட்டுச் செய்யவில்லை.

உழைப்பும் ஓயாது. ஒரு பதிவு போட்டால் கீழே வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்; கட்டணம் பற்றிய புகார் இரவு பதினொரு மணிக்கு வரும். மாணவர் முகம் தெரியும் படத்துக்கு அனுமதி வேண்டும், அந்த அனுமதியைப் பதிந்தும் வைக்க வேண்டும். படிப்பு முடிந்து மூன்று ஆண்டு கழித்து "என் படத்தை எடுத்துவிடுங்கள்" என்று ஒருவர் கேட்டால் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

இருந்தாலும் ஒரு வேலையை இது மற்ற எதையும்விட நன்றாகச் செய்கிறது. வருங்கால மாணவர், அங்கே ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறார். அணி வென்ற அன்று எடுத்த மங்கலான படம்கூட அதைச் சொல்லிவிடும்.

இது பொருந்தும் இடம்: மாணவர் சேர்க்கைதான் இப்போதைய கவலை என்றால். அப்போதும் ஒரே ஒரு தளம், உங்கள் மாணவர்கள் உண்மையில் புழங்குகிற தளம். ஐந்தில் கணக்கு திறந்து நான்கைத் தூங்கவிடுவது ஒன்றுமே இல்லாததைவிட மோசம்.

## பத்திரிகைகளுக்குச் செய்திக்குறிப்பு

இதில் நான் கொஞ்சம் நிற்கப்போகிறேன். ஒரு பல்கலைக்கழகம் தன் பெயரை ஒரே நாளில் உயர்த்திக்கொள்வதும் கெடுத்துக்கொள்வதும் இங்கேதான்.

1989 மார்ச் 23. யூட்டா பல்கலைக்கழகம் செய்தியாளர்களைக் கூட்டி, பான்ஸ், ஃப்ளைஷ்மன் என்ற இரு வேதியியலாளர்கள் சூரியனுக்குள் கடும் வெப்பத்தில் நடக்கும் அணுக்கரு இணைவைச் சாதாரண வெப்பநிலையிலேயே சாதித்துவிட்டதாக அறிவித்தது. ஆய்வுக்கட்டுரை அப்போது வெளிவந்திருக்கவில்லை. மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தன, உறுதிப்படுத்த முடியவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அமெரிக்க எரிசக்தித் துறையின் குழு, நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

இதற்கு எதிர்ப்பக்கம் கால்டெக் என்ற கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம். இளங்கலை மாணவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர் மட்டுமே இருக்கும் தனியார் பல்கலைக்கழகம். அதுவும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து நடத்தும் லைகோ கருவிகள் 2015 செப்டம்பர் 14 அன்று விண்வெளியில் பரவும் மெல்லிய அதிர்வான ஈர்ப்பலையை முதன்முதலாகப் பதிவு செய்தன. அறிவிப்பு வந்தது 2016 பிப்ரவரி 11 அன்று. நடுவில் ஐந்து மாதம் வதந்திகள் ஓடின. அவர்கள் வாய் திறக்கவில்லை. மற்ற ஆய்வாளர்கள் கட்டுரையைச் சரிபார்க்கும் மதிப்பாய்வு முடிந்து, ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் கட்டுரை வந்த அதே நாளில்தான் செய்தியாளர்கள் முன் பேசினார்கள். 2017இல் நோபல் பரிசு. கருவியின் பெருமை ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஐந்து மாத மௌனத்தைச் சிறிய இடங்களும் செய்யலாம், அதற்குப் பணம் தேவையில்லை.

மிகைப்படுத்தினால்தான் பத்திரிகைகள் எடுத்துக்கொள்ளும் என்று துறைத்தலைவர்கள் வற்புறுத்துவார்கள். அவர்களுக்குக் காட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 மருத்துவ, உடல்நலச் செய்திக்குறிப்புகளை ஆராய்ந்த கட்டுரை 2014இல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் வந்தது. ஒன்றோடொன்று தொடர்புள்ளது என்பதை ஒன்றால் மற்றொன்று விளைகிறது என்று பெரிதாக்கியவை 33 விழுக்காடு. குறிப்பில் அந்த மிகை இருந்தபோது செய்திகளில் 81 விழுக்காட்டில் அதுவே திரும்ப வந்தது. குறிப்பில் இல்லாதபோது 18 விழுக்காடுதான். மிகைப்படுத்தியதால் கூடுதலாகச் செய்தி வந்ததா என்றால், அதற்குப் பெரிதாகச் சான்று இல்லை.

மறைமுகச் செலவு ஆய்வாளரின் நேரம். குறிப்பு அனுப்பிய அன்று அவர் தொலைபேசி அருகில் இருக்க வேண்டும், எளிய மொழியில் பேச வேண்டும். வகுப்பு எடுக்க வேண்டிய நாளில் ஆள் கிடைக்காவிட்டால் செய்தியாளர் இரண்டாவது முறை கூப்பிட மாட்டார். அறிவியல் செய்தி என்றால், 1996 முதல் இயங்கும் யுரேக்அலர்ட் போன்ற தளங்கள் வழியாகச் செய்தியாளர்களிடம் கொண்டுபோகலாம். அங்கே வெளியீட்டுத் தடைக் காலத்தை, அதாவது குறித்த நேரம்வரை செய்தியை வெளியிடக் கூடாது என்பதை, மதித்து நடக்க வேண்டும்.

இது பொருந்தும் இடம்: மதிப்பாய்வு முடிந்த ஆய்வு, வெளியுலகுக்கு உண்மையில் பொருட்டானது, பேசத் தயாராக ஓர் ஆய்வாளர். மூன்றும் இருந்தால் மட்டும். சிறிய இடத்தில் இப்படி ஆண்டுக்கு ஒன்றிரண்டு வந்தாலே அதிகம்.

## எது சாதனை என்ற கேள்வி

வழியைத் தேர்ந்துவிட்டாலும் இது மீதி நிற்கும். புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது சாதனை இல்லை. அதன்படி முதல் மாணவர் போய் வந்தது செய்தி. பதிவுக் கட்டணம் கட்டினால் கிடைக்கும் விருதை எங்கேயும் போடாதீர்கள், எந்த வழியில் போட்டாலும் அது மற்ற செய்திகளின் மதிப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

தரவரிசை பற்றியும் சொல்ல வேண்டும். டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் உலகப் பட்டியலில் இடம்பெற ஐந்தாண்டுகளில் குறைந்தது 1,000 ஆய்வு வெளியீடுகள் வேண்டும். பல சிறிய பல்கலைக்கழகங்கள் தரம் பார்க்கப்படுவதற்கு முன்பே எண்ணிக்கையில் வெளியே நின்றுவிடுகின்றன. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எண்ணைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்குக் கொலம்பியா பல்கலைக்கழகம் இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் யு.எஸ். நியூஸ் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்தபோது, அது கொடுத்த புள்ளிவிவரங்களை அங்கேயே கணிதம் கற்பிக்கும் மைக்கேல் தாடியஸ் 2022 பிப்ரவரியில் கேள்விக்குள்ளாக்கினார். செப்டம்பரில் அது 18ஆம் இடத்துக்கு இறங்கியது. சில விவரங்கள் தவறு என்று பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது. கொலம்பியா அதைத் தாங்கும். பெயர் தெரியாத சிறிய நிறுவனம் தாங்காது.

## அப்படியானால் உங்களுக்கு எது

வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் செய்திப் பக்கம் மட்டும். மாதம் இரண்டு செய்தி, தேதியோடு, ஆதாரத் தொடுப்போடு.

வாரத்துக்கு ஒரு முழு நாள் என்றால் மடலையும் சேர்க்கலாம். அந்த மாதச் செய்திகளிலிருந்து மூன்று, அதோடு முன்னாள் மாணவர் ஒருவரைப் பற்றி ஒரு பத்தி. இந்த இரண்டின் சேர்க்கைதான் பெரும்பாலான சிறிய பல்கலைக்கழகங்களுக்குச் சரி என்பது என் கருத்து. இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

சேர்க்கை குறைந்துவரும் நிலையில் மடலைவிடச் சமூக ஊடகத்தை முதலில் எடுங்கள். பொறுப்பில் ஒரு மாணவர் குழுவை வைத்து, அவர்களுடைய உழைப்புக்கு ஊதியமும் கொடுங்கள். பொன்விழா, நூற்றாண்டு போன்ற ஆண்டு நெருங்கினால் அச்சிதழுக்கு ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள். பத்திரிகைக் குறிப்பை வழக்கமான வேலைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். தகுதியான ஆய்வு வரும்போது மற்றதையெல்லாம் இரண்டு வாரம் ஒத்திவைத்துவிட்டு அதை மட்டும் செய்யுங்கள்.

எதைத் தேர்ந்தாலும், இந்த ஆண்டு படிப்பை முடிக்கிறவர்கள் வெளியேறுவதற்கு முன், சான்றிதழ் வாங்கும் படிவத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: சொந்த மின்னஞ்சல் முகவரி, செய்தி அனுப்பலாமா என்ற சம்மதம். மடல் தொடங்குவது அடுத்த ஆண்டு என்றாலும் சரி, அந்த முகவரிகள் கிடைக்கும் வாரம் இது ஒன்றுதான்.